முதல் பெயிண்ட் செட்: நிறத்துக்கு முன் தின்னரைப் பாருங்கள்

8 ஜூன் 2024, ஒரு வாசகரின் கேள்வி

ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 ஸ்பிட்ஃபயர் பெட்டி (அசலில் 72-இல் ஒரு பங்கு அளவில் ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்) ஒன்று வாங்கியிருக்கிறேன். 1940-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் போர்விமானம். அடுத்தது ஒரு ஜெர்மன் டாங்க். பெயிண்டைக் காற்றழுத்தத்தில் தூவும் ஏர்பிரஷ் இல்லை, பிரஷ்தான். 72 நிறங்கள் கொண்ட பெரிய செட்டை ஒரேயடியாக வாங்கிவிட்டால் இனிப் பெயிண்ட் கவலையே இருக்காது என்று தோன்றுகிறது. வாங்கலாமா?

8 ஜூன், இரவு

வேண்டாம் தம்பி. முதலில் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாளை விரித்துப் பாருங்கள். மேற்புறத்துக்கு டார்க் எர்த் என்னும் மண்பழுப்பு, டார்க் கிரீன். அடிப்புறத்துக்கு ஸ்கை என்னும் வெளிர்பச்சை. விமானி அறைக்குச் சாம்பல் கலந்த பச்சை. டயருக்கும் புரொப்பல்லருக்கும் கறுப்பு. அங்கங்கே கொஞ்சம் வெள்ளி. ஹம்புரோல் என்னும் பெயிண்ட் நிறுவனத்தின் எண்களில் சொன்னால் 29, 30, 90, 78, 33, 11. வட்டச் சின்னங்களும் எழுத்துகளும் டெக்காலாகவே (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) வந்துவிடும்.

ஆறு நிறம். மற்ற 66 குப்பிகளும் அலமாரியில் நிற்கும். அந்த 72-க்குள் உங்களுக்கு வேண்டிய டார்க் எர்த் இருக்கும் என்ற உறுதியும் கிடையாது. பெரிய செட்டுகள் பல, சிறு போர்வீரர் உருவங்களின் முகத்துக்கும் சீருடைக்கும் தோல்வாருக்கும் என்று தொகுக்கப்பட்டவை. ஐந்து வகைத் தோல்நிறம் இருக்கும், விமானத்தின் அடிவயிற்றுக்கு ஒன்றும் இருக்காது.

9 ஜூன்

நேற்று அவசரத்தில் எழுதியதால் முக்கியமானதை விட்டுவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அதற்குத் தனியாக உட்கார வேண்டியிருந்தது.

பெயிண்ட் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் மூடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் குப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பேன். இதை எதில் கரைப்பது, அதாவது இதன் தின்னர் எது? பிரஷை எதில் கழுவுவது? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. மாடல் பெயிண்டுகளை நான்கு குடும்பங்களாகப் பார்க்கலாம்.

நீரில் கரையும் அக்ரிலிக். ஸ்பெயின் நாட்டு வயேஹோ இதற்கு நல்ல உதாரணம். துளித்துளியாக விழும் 17 அல்லது 18 மில்லி குப்பி. மாடல் கலர் என்பது பிரஷுக்கு, மாடல் ஏர் என்பது ஏர்பிரஷுக்கு ஏற்கெனவே நீர்த்து வருவது. வாடை மிகக் குறைவு. வீட்டில் குழந்தைகள் இருந்தாலும் மேசையில் வைத்துப் பூசலாம். ஆனால் பிளாஸ்டிக்கில் இதன் பிடிப்பு சுமார்தான். அடியில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும்.

ஆல்கஹால் கலந்த அக்ரிலிக். டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும், மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் இதில் சேரும். 10 மில்லி கண்ணாடிக் குப்பி. ஏர்பிரஷில் மிக அழகாக வரும். பிரஷில் பூசினால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டாம் பூச்சு கீழே உள்ள முதல் பூச்சைக் கரைத்து இழுத்துக்கொண்டு வரும்.

எனாமல். ஹம்புரோலின் 14 மில்லி சிறு டின்கள், ரெவெலின் சதுர டின்கள். ஹல் நகரில் 1919-இல் ஹம்பர் ஆயில் கம்பெனி என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம்தான் ஹம்புரோல். பிரஷ் தடம் தானாகவே சமனாகிவிடும். அந்த விஷயத்தில் இதற்கு நிகரில்லை. ஆனால் நன்றாகக் காய ஒரு நாளாவது விட வேண்டும்.

லாக்கர். மிஸ்டர் கலர், டமியாவின் எல்பி வரிசை, சுலோவாக்கியாவின் எம்ஆர்பி. பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும், நிமிடங்களில் காயும், உப்புத்தாளில் தேய்த்தாலும் உரியாது. வாடை கடுமை. மூடிய அறையில் இதைத் தொடவே கூடாது.

உங்களிடம் ஏர்பிரஷ் இல்லை. ஆகவே முதலாவதும் மூன்றாவதும்தான் உங்களுக்கு. டமியாவின் எக்ஸ்எஃப் குப்பிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏர்பிரஷும் அதற்குக் காற்றழுத்தம் தரும் கம்ப்ரசரும் வாங்குகிற காலத்தில் அவற்றை வாங்குங்கள், அப்போது அவற்றின் அருமை தெரியும்.

9 ஜூன், பிற்பகல்

ஒரு எச்சரிக்கை. வயேஹோவில் டமியாவின் ஆல்கஹால் தின்னரை ஊற்றாதீர்கள். பால் திரிந்தது போலக் கட்டிகட்டியாகிவிடும், ஏர்பிரஷ் ஊசி அதோடு அடைத்துக்கொள்ளும். அவரவர் குடும்பத்துத் தின்னர் அவரவருக்கு. மாறாக, டமியா அக்ரிலிக்கை மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கரைத்தால் அதன் சொந்தத் தின்னரைவிட மெல்லிய படலமாகப் படிகிறது. இந்த ஒரு விதிவிலக்கைப் பலரும் கைக்கொள்கிறார்கள், நானும்தான்.

13 ஜூன்

கோயம்புத்தூர் நண்பர் கேட்கிறார்: தின்னருக்குத் தனியாக ஏன் செலவு, ஹார்டுவேர் கடையில் என்சி தின்னர் லிட்டர் கணக்கில் கிடைக்கிறதே என்று.

ஏர்பிரஷின் உலோகப் பகுதிகளைக் கழுவ அது போதும். ரப்பர் வளையங்களைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் அவை ஊதிப்போகும். மாடலின் மேல் படும் பெயிண்டில் மட்டும் அதைக் கலக்க வேண்டாம். நம் மாடல்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். மரச்சாமானுக்கும் இரும்புக் கதவுக்கும் தயாரான தின்னர் அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தோலை அரித்துவிடும். நுணுக்கமான ரிவெட் கோடுகள் மழுங்கிப்போகும். ஒவ்வொரு டின்னிலும் என்னென்ன கலந்திருக்கிறது என்பதும் ஒரே சீராக இருப்பதில்லை. மூன்று வாரம் உழைத்து ஒட்டிய இறக்கையில் இந்தச் சோதனை எதற்கு?

வயேஹோவுக்கு வீட்டுத் தண்ணீரே பிரஷ் வேலைக்குப் போதும். உப்புநீர் வரும் பகுதி என்றால் வடிகட்டிய குடிநீர்.

22 ஜூன்

பிரஷில் பூசுவதைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள்.

நீர் அக்ரிலிக்கைக் குப்பியிலிருந்து நேராகத் தொட்டுப் பூசினால் தடம் தடமாக நிற்கும். ஒரு தட்டில் இரண்டு மூன்று துளி விடுங்கள், ஒரு துளி தண்ணீர், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு. பிரஷைத் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்துக்கொண்டு ஒரே திசையில் இழுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாக, பார்க்கவே பிடிக்காத அளவுக்கு இருக்கும். இருக்கட்டும். அதைத் திருத்தப் போகாமல் காயவிடுங்கள். மூன்றாம் பூச்சில் மூடிவிடும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொடுவதுதான் பிரஷ் வேலையைக் கெடுக்கும் ஒரே பெரிய காரணம்.

இறக்கைக்கு 6 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான செயற்கை இழை பிரஷ். விமானி அறைக்கும் ஓரங்களுக்கும் நல்ல முனை கூடும் 1 அல்லது 2-ஆம் எண் பிரஷ். மலிவான ஐந்து பிரஷ்களுக்குப் பதில் முனை கலையாத ஒன்று மேல். செட்டோடு இலவசமாக வரும் பிரஷைப் பசை தடவ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமரை மறக்காதீர்கள். ஸ்பிரே டின்னில் வரும் டமியா பிரைமரோ மிஸ்டர் சர்ஃபேசர் 1000-மோ மாடியில் காற்றாட நின்று அடித்தால் போதும். அதன் மேல் நீர் அக்ரிலிக் கெட்டியாக நிற்கும். வயேஹோவின் சொந்தப் பிரைமர் வாடையில்லாதது, நல்ல மூடுதிறன் கொண்டது. ஆனால் உப்புத்தாளில் தேய்த்தால் ரப்பர் தோல் போல உரிந்து வரும். புட்டி போட்டுத் தேய்க்கும் வேலை மிச்சமிருக்கும் மாடலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

30 ஜூன்

சிறிய செட் வாங்குகிறேன், "ஆர்ஏஎஃப் விமானங்கள்" (பிரிட்டன் விமானப்படை) என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, எடுக்கலாமா என்று நம் வாசகர் மறுபடி கேட்டிருக்கிறார். நல்ல முன்னேற்றம். ஆனால் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டு?

பிரிட்டன் வான்போர் நடந்த 1940-இல் ஆர்ஏஎஃப் போர்விமானங்களின் மேற்புறம் டார்க் எர்த்தும் டார்க் கிரீனும். அடிப்புறத்தில் அதற்கு முன்புவரை ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெள்ளை. 1940 ஜூனில்தான் ஸ்கை வந்தது. 1941 ஆகஸ்டில் எல்லாம் மாறியது. சண்டை பிரிட்டனின் வயல்களுக்கு மேலிருந்து ஆங்கிலக் கால்வாயையும் கடலையும் தாண்டிப் போய்விட்டதால் மண்பழுப்பு நீங்கி ஓஷன் கிரே வந்தது. அடிப்புறம் மீடியம் சீ கிரே. ஸ்கை என்பது மூக்குக்கூம்புக்கும் வால் அருகே ஒரு பட்டைக்கும் மட்டும் என்று சுருங்கியது.

ஆகவே ஓஷன் கிரேயும் மீடியம் சீ கிரேயும் உள்ள செட்டை வாங்கி 1940 ஸ்பிட்ஃபயருக்குப் பூச முடியாது. பெட்டியின் முகப்பில் ஸ்பிட்ஃபயர் படம் இருப்பது போதாது. பின்பக்கத்தில் குப்பிகளின் பெயர்களைப் படித்து, டார்க் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் உங்களுடையது.

டமியா எக்ஸ்எஃப்-81, 82, 83 ஆகியவை டார்க் கிரீன், ஓஷன் கிரே, மீடியம் சீ கிரே. மூன்றும் சேர்ந்தால் 1941-க்குப் பிந்தைய விமானம். மூன்று குப்பிகளைத் தனித்தனியாக எடுத்தாலே ஒரு செட் ஆகிவிட்டது, பெட்டி வேண்டியதில்லை.

1 ஜூலை

ஸ்கை நிறத்தை எந்த நிறுவனம் சரியாகத் தருகிறது என்ற சண்டை ஆரம்பித்துவிட்டது. நான் இதில் ஒரு பக்கம் நிற்கிறேன்: யார் தந்தாலும் சரி, ஒருவருடையதையே முழு விமானத்துக்கும் பயன்படுத்துங்கள்.

1940 கோடையில் அந்தப் பெயிண்ட் எல்லாத் தளங்களுக்கும் போய்ச் சேரவில்லை. உத்தரவு வந்துவிட்டது, டின் வரவில்லை. தளத்தில் இருந்த வெளிர்நீலத்தையும் பச்சையையும் கலந்து பூசினார்கள். ஒரே ஸ்குவாட்ரன் என்னும் விமானப் பிரிவில் இரு விமானங்களின் அடிவயிறு வெவ்வேறாக இருந்ததுண்டு. 1941-லும் இதே கதை. ஓஷன் கிரே கைக்கு வரும்வரை மீடியம் சீ கிரே ஏழு பங்கு, கறுப்பு ஒரு பங்கு கலந்து பூசுங்கள் என்று அதிகாரபூர்வமாகவே சொல்லப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு பெரிய விடுதலை கிடைத்தது. அசல் வேலையைச் செய்தவர்களே வாளியில் கலந்திருக்கிறார்கள். நாம் இரண்டு குப்பிகளைக் கலப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நானும் கலந்து ஒரு 1941 ஸ்பிட்ஃபயரின் மேற்புறத்துக்குப் பூசினேன். குப்பியில் வரும் ஓஷன் கிரேயைவிட நீலச்சாயல் குறைந்து, வெறும் சாம்பலாக, மிக உயிரோட்டமாக இருந்தது.

இன்னொன்று. அசல் நிறத்தின் துண்டைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பெயிண்ட் தயாரித்தாலும், 1/72 அளவில் அது சற்று இருண்டே தெரியும். தொலைவில் நிற்கும் அசல் விமானத்துக்கும் கைக்குள் அடங்கும் மாடலுக்கும் இடையில் காற்றும் வெளிச்சமும் செய்யும் வேலை வேறு. ஆகவே ஒன்றிரண்டு துளி வெளிறிய நிறம் சேர்த்துப் பூசுவது நல்லது. அடர்பச்சைக்கு வெள்ளை சேர்க்காதீர்கள், சுண்ணாம்பு அடித்தது போல ஆகிவிடும். சாம்பலோ மணல் நிறமோ சேருங்கள்.

7 ஜூலை

பேச்சு வழி மாறிப் பர்மா பக்கம் போய்விட்டது. மதுரை நண்பர் இந்திய விமானப்படையின் இரண்டாம் உலகப் போர் ஹரிக்கேன் போர்விமானம் செய்கிறாராம். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944-இல் இம்பால் போரின்போது அர்ஜன் சிங் தலைமையில் முதலாம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிக்கேன்களில். மேற்புறம் டார்க் எர்த், டார்க் கிரீன். 1941-இல் பிரிட்டனில் மாறிய அந்த மண்பழுப்பு, பர்மாக் காடுகளின் மேல் தொடர்ந்து வேலை செய்தது. ஆகவே அந்த 1940 செட்டின் இரண்டு குப்பிகள் இங்கே அப்படியே உதவும். அடிப்புறத்துக்கு மட்டும் ஸ்கை வேண்டாம், மீடியம் சீ கிரே.

வட்டச் சின்னத்தில் சிவப்பு கிடையாது. ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழப்பிக்கொண்டு நம்மவர்களையே சுட்டுவிடக் கூடாது என்று 1942-இல் அதை நீக்கினார்கள். நீலமும் வெள்ளையும், பிறகு நீலமும் வெளிர்நீலமும். பல பெட்டிகளில் சிவப்பு நடுப்புள்ளியுள்ள டெக்கால்தான் வரும். அதன் நடுவில் பெயிண்ட் வைத்து மறைக்கப் பார்க்காதீர்கள், சிவப்பு எதன் அடியிலும் ஊடுருவித் தெரியும். தனி டெக்கால் தாள் வாங்குங்கள்.

போரின் கடைசிக் கட்டத்தில் இறக்கையிலும் வாலிலும் அடையாள வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன. பிரஷ்காரர்களுக்கு வெள்ளை கொடுமையான நிறம். முதலில் அந்த இடத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி அளந்து வெளிர்சாம்பல் பூசிக்கொண்டு, அதன் மேல் இரண்டு மெல்லிய வெள்ளை. மஞ்சளுக்கும் இதே முறை, ஆனால் அடியில் சாம்பலுக்குப் பதில் வெளிர் ரோஜா நிறம்.

20 ஜூலை

டாங்குக்கு வருவோம், கேட்டவர் காத்திருக்கிறார்.

இங்கும் ஆண்டுதான் முதல் கேள்வி. 1940 நடுப்பகுதியிலிருந்து 1943 பிப்ரவரி வரை ஐரோப்பிய முனையில் ஜெர்மன் டாங்குகள் அடர்சாம்பல். 1943 பிப்ரவரியில் டுங்கல்கெல்ப் என்னும் அடர்மஞ்சள் அடிநிறமானது. அதன் மேல் ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் களத்தில் வீரர்களே பூசிக்கொண்டார்கள். அந்தப் பெயிண்ட் டின்னில் குழம்பாக வந்தது. பெட்ரோல் கிடைத்தால் பெட்ரோலில், இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்துப் பூசினார்கள். நீர்த்தது எவ்வளவு என்பதைப் பொறுத்து நிறமும் மாறியது. வட ஆப்பிரிக்க டாங்குகள் இந்தக் கணக்கில் வராது, அவற்றுக்குத் தனி மஞ்சள்பழுப்பு.

நீங்கள் 1942 டாங்க் செய்தால் ஒரு குப்பி அடர்சாம்பல் போதும். அத்தோடு டயர் ரப்பர் நிறம், இரும்புச் சங்கிலிக்கு ஒரு கரும்பழுப்பு, சேறு. இதற்குச் செட்டே வேண்டாம். 1944 டாங்க் என்றால் மூன்று நிறம், அப்போது மூன்று நிறமும் சேர்ந்த சிறு செட் நியாயமானது.

11 ஆகஸ்ட்

ஜூன் மாதம் முதல் நான் எழுதியதை ஒரே மூச்சில் படித்துப் பார்த்தேன். செட்டுகளின் மேல் எனக்கு ஏதோ பகை இருப்பதுபோல் தெரிகிறது. அப்படி அல்ல. எங்கே செட் நல்லது என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்களா, ஏர்ஃபிக்ஸின் ஸ்டார்ட்டர் செட்டை எடுங்கள். மாடல், சிறு கிண்ணங்களில் அக்ரிலிக் பெயிண்ட், பிரஷ், பசை எல்லாம் ஒரே பெட்டியில். அந்தக் கிண்ணங்களில் நிறம் குறைவுதான், ஆனால் அந்த ஒரு விமானத்துக்குப் போதுமானது. பிள்ளை முடித்து மேசையில் வைத்துவிட்டுப் பார்க்கும் மகிழ்ச்சிக்கு முன் டார்க் எர்த் சரியா என்ற கேள்வியெல்லாம் எழாது.

ஒரே ஆண்டு, ஒரே படை என்று நான்கு முதல் எட்டுக் குப்பிக்குள் தொகுத்த செட் இரண்டாவது. அதே வரிசையில் இன்னும் இரண்டு மூன்று விமானம் செய்யும் எண்ணம் இருந்தால், தனித்தனியாக எடுப்பதைவிட விலை குறைவாகவே வரும். எட்டுக் குப்பி, ஒவ்வொன்றும் 17 மில்லி என்றால் ஆக 136 மில்லி. ஒரு 1/72 போர்விமானத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் சில மில்லிதான் செலவாகும். ஒரு சிறு செட்டே பல விமானங்களுக்கு வரும்.

மூன்றாவது, நான் மிகவும் விரும்புவது: அடிப்படை நிறங்களை நீங்களே ஒரு செட்டாகச் சேர்ப்பது. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஒரு பழுப்பு. இந்த ஆறோடு எந்த மாடலுக்கும் அதற்குரிய இரண்டு மூன்று நிறம் மட்டும் வாங்கினால் போதும். இருக்கை வார், கதவு கைப்பிடி, சக்கரத்தின் துரு எல்லாம் இந்த ஆறிலிருந்தே கலந்து எடுக்கலாம். கண்ணும் பழகும். பச்சையில் ஒரு துளி சிவப்பு விட்டால் அது எப்படி அடங்கிப் போகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தவருக்கு, பிறகு எந்தக் கடையிலும் எந்தக் குப்பியும் புதிராக இருக்காது.

12 ஆகஸ்ட்

இணையத்தில் வாங்கிய ஒரு செட்டில் இரண்டு குப்பிகள் கட்டியாகிப் போய் வந்தன. விற்றவர் திறந்த பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்று சொல்லிவிட்டார். திறக்காமல் கட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது? குப்பியைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலங்கும் ஓசை வர வேண்டும். கடைக்கு நேரில் போகிறவர்கள் தயங்காமல் ஒவ்வொன்றையும் குலுக்குங்கள், கண்ணாடிக் குப்பியைத் தலைகீழாக்கி அடியில் கெட்டிப்பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனாமலும் லாக்கரும் விமானத்தில் வராத காரணத்தையும் ஒருவர் கேட்டிருந்தார். இந்த இரு வகைப் பெயிண்டும் தீப்பற்றும் திரவம் என்ற மூன்றாம் வகுப்பு அபாயப் பொருள்களில் அடங்கும். வெளிநாட்டுக் கடைகள் பல அவற்றை அனுப்பவே மாட்டா. உள்நாட்டிலும் தரைவழிதான். வாரங்கள் ஆகும் என்று எண்ணியே ஆர்டர் செய்யுங்கள். நீர் அக்ரிலிக்குக்கு இந்தத் தொல்லை இல்லை, புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைச் சொல்ல எனக்கு இதுவும் ஒரு காரணம்.

19 அக்டோபர்

சென்னையில் மழை தொடங்கிவிட்டது. லாக்கர் பூசுகிறவர்களுக்கு: ஈரப்பதம் ஏறிய நாள்களில் பெயிண்ட் வெண்மேகம் படர்ந்ததுபோல் வெளுத்துப் போகும். லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. சுற்றுக்காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. கறுப்பிலும் பளபளப்பான நிறங்களிலும் இது தெளிவாகத் தெரியும்.

மெதுவாகக் காய வைக்கும் ரிடார்டர் கலந்த லெவலிங் தின்னரைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வெளுத்துவிட்டால் வறண்ட நாளில் அதே தின்னரை மெல்லிய தூவலாக மேலே அடியுங்கள், பூச்சு மறுபடி இளகிச் சிக்கிய ஈரம் வெளியேறும். குளிரூட்டிய அறையில் ஈரம் குறைவு, ஆனால் அங்கே காற்று வெளியேற வழியில்லை என்றால் லாக்கர் கூடாது.

கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள், காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் நீர்ப்பொறியைத் தினமும் வடியுங்கள். இந்த மாதங்களில் அதில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் திகைப்பீர்கள். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, 0.3 மில்லிமீட்டர் முனை. பிரஷ் நண்பருக்கு இது தேவையில்லை, ஆனால் கேட்டவர் பலர்.

20 அக்டோபர்

முகமூடி பற்றிச் சொல்லாமல் லாக்கரைப் பற்றி எழுதியது எனக்கு உறுத்துகிறது. தூசிக்குப் போடும் என்95 முகமூடி பெயிண்ட் துகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. வாடை உள்ளே வருகிறதென்றால் ஆவியும் வருகிறது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய அரைமுக முகமூடி வாங்குங்கள். அதன் விலை இரண்டு சிறு செட்டுகளின் விலைதான். அடுப்பு எரியும் சமையலறைப் பக்கம் ஸ்பிரே டின்னைக் கொண்டுபோகவே கூடாது.

3 நவம்பர்

நெடுநாளாகச் சொல்ல நினைத்தது: நிறுவனத்தின் எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், அசல் தரநிலையின் எண்ணைக் குறித்து வையுங்கள். டெஸ்டர்ஸின் மாடல் மாஸ்டர் வரிசையை நம்பி அலமாரி முழுக்கக் கட்டியவர்கள் இருந்தார்கள். 2020-களின் தொடக்கத்தில் அந்த வரிசையே நின்றுபோனது. அந்த எண்கள் இன்று எந்தக் கடையிலும் செல்லாது.

அமெரிக்க விமானங்களுக்கு எஃப்எஸ் 595 என்ற அட்டவணை. 1956-இல் வந்தது, 2017-இல் அதன் இடத்துக்கு ஏஎம்எஸ் 595 வந்தாலும் எண்கள் அவைதாம். ஐந்து இலக்கம். முதல் இலக்கம் 1 என்றால் பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 மங்கல். 36118 என்று குறிப்புத்தாளில் இருந்தால் மங்கலான அடர்சாம்பல், எஃப்-16-இன் முதுகில் இருப்பது. இந்த எண்ணோடு எந்த நிறுவனத்தின் பட்டியலையும் திறந்து தேடலாம். பிரிட்டனுக்கு பிஎஸ் 381சி: 637 மீடியம் சீ கிரே, 641 டார்க் கிரீன். இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் விமானங்களுக்கு ஆர்எல்எம் எண்கள், டாங்குகளுக்கு ஆர்ஏஎல் எண்கள்.

பெயிண்டை வாங்கியதும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் பிரைமர் அடித்து அதன் மேல் பூசிப் பின்பக்கத்தில் எண்ணை எழுதி வையுங்கள். மூடியின் நிறம் ஏமாற்றும், கரண்டி ஏமாற்றாது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் டார்க் எர்த்தும் செம்பழுப்பும் ஒன்றாகவே தெரியும்.

1 டிசம்பர்

நம் வாசகர் எழுதியிருக்கிறார்: நீர் அக்ரிலிக்கில் 1940 ஆர்ஏஎஃப் சிறு செட், தனியாகக் கறுப்பு, வெள்ளி, ஒரு டின் பிரைமர் வாங்கி ஸ்பிட்ஃபயரின் நிறப்பூச்சை முடித்துவிட்டார். படமும் அனுப்பினார். பச்சைக்கும் பழுப்புக்கும் இடையிலுள்ள வளைவுகளைக் கையாலேயே வரைந்திருக்கிறார், மிக நேர்த்தி.

அடுத்து டெக்கால். மங்கல் பூச்சின் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுக்கம் தெரியும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, முழுதாகக் காய விடுங்கள். டெக்கால் ஒட்டி மறுநாள் ஈரத்துணியால் பசைத் தடத்தைத் துடையுங்கள். பிறகு மறுபடி பளபளப்பு மெல்லிய ஒன்று, அதன் மேல் எனாமல் கருநீர் (மிகவும் நீர்த்த கரும்பெயிண்ட்) விட்டுத் தகட்டுக் கோடுகளை எடுத்துக் காட்டலாம். எனாமல் கரைப்பான் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது, அதனால் மிச்சத்தைத் துடைத்தெடுக்க வசதி. கடைசியாக மங்கல் வார்னிஷ். அது நீர் வகையானால் இந்த மழை நாள்களில் பொறுமையாகப் பூசுங்கள், அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் பள்ளங்களில் வெள்ளையாகத் தங்கும். வார்னிஷ் குப்பியைக் குலுக்குவதை மட்டும் குறைக்காதீர்கள். மங்கலாக்கும் பொடி அடியில் படிந்திருக்கும், அது கலங்காமல் பூசினால் விமானம் மினுமினுக்கும்.

விமானி அறைக் கண்ணாடியின் சட்டங்களுக்கு முதலில் உள்பக்கச் சாம்பல்பச்சை, அது காய்ந்ததும் மேலே டார்க் எர்த் அல்லது டார்க் கிரீன். உள்ளேயிருந்து பார்த்தால் உள்நிறமே தெரியும்.